கோரிக்கையை ஆசையாக்கியவன்

இன்று காலை அரியலூரில், ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் கம்ப்யூட்டர் கடையில் உங்கள் நினைவு வந்தது, சார். நான் கொடுத்த மனுவைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண், திரையில் ஒரு சொல்லுக்கு அடியில் ஓடிய நீலக் கோட்டைக் காட்டினார்.

"சார், இங்க ஒரு எஸ் விட்டுப்போச்சு. 'பஸ் ஸ்டாப்ஸ்'னுதானே வரணும்? மிஷினே தப்புங்குது பாருங்க."

பஸ் எங்கள் ஊர்ப் பிரிவு ரோட்டில் நிற்க வேண்டும் என்று கோருகிறோம் என்பதற்கான ஆங்கில வாக்கியம் அது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் கற்பித்தவன் நான். ஆனாலும் மிஷின் சொல்வதுதான் சரியோ என்று ஒரு நொடி தோன்றிவிட்டது. "இருக்கட்டும்மா" என்றேன். என் குரல் அவருக்கு எட்டவில்லை, எஸ்ஸைச் சேர்த்துவிட்டார். இரண்டாம் முறை உரக்கச் சொன்னேன்: "அத எடுத்துடுங்கம்மா. நான் எழுதினதுதான் சரி." இப்படி ஒரு பேச்சு என் வாயிலிருந்து வந்ததை நீங்கள் கேட்டதே இல்லை.

அந்த எஸ்ஸுக்காக, என்னோடு ஆங்கிலம் நடத்திய நீங்கள் ஆசிரியர் அறையில் போட்ட சண்டைகள் எத்தனை! சப்ஜங்க்டிவ் என்கிற அந்த வினைவடிவம் எங்கே வரும் என்று நான் பச்சை மையில் கட்டம் போட்டு வைத்திருந்தேன். ஒன்று நடக்க வேண்டும் என்று கோருவது, வற்புறுத்துவது, பரிந்துரைப்பது முதல் கட்டம். இல்லாததை இருப்பதாக வைத்துப் பேசுவது இரண்டாவது: நான் கலெக்டராக இருந்தால் என்று சொல்லும்போது 'வாஸ்' போய் 'வேர்' வந்து உட்காரும் இடம். வாழ்த்து மூன்றாவது.

"சார் கட்டம் போடாம மூச்சுகூட விடமாட்டாரு" என்று கணக்கு வாத்தியாரிடம் சொல்லிச் சிரிப்பீர்கள். கோருகிற இடத்தில் வினைச்சொல் ஏன் எந்த விகுதியும் இல்லாமல் நிற்கிறது என்று அவர் கேட்டபோது நீங்கள் சொன்ன பதிலை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. "அது இன்னும் நடக்காத காரியம் சார். நடக்காததுக்கு ஏது காலம், ஏது ஆளு? நடத்திக் காட்டின பிறகு சட்டை போட்டுக்கட்டும்." பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு ரெண்டாவது கட்டம்தான் சொந்த ஊரு. 'இருந்தா', 'இருந்திருந்தா'ன்னே ஓட்டிருவீங்க" என்றீர்கள். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.

அந்த ஆண்டுதான் செந்துறையிலிருந்து அரியலூர் போகும் காலை பஸ் பிரிவு ரோட்டில் நிற்காமல் போகத் தொடங்கியது. அங்கிருந்து வரும் பெண்பிள்ளைகள் வெயிலில் நடந்து, இரண்டாம் பீரியட் முடியும்போது வகுப்புக்குள் வருவார்கள். நமக்கு அப்போது ஜில்லாத் தலைநகரம் பெரம்பலூர். அங்கிருந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது என்பதால் மனுவை ஆங்கிலத்தில் நீங்கள் எழுதினீர்கள். தட்டச்சு தெரிந்தவன் நான். கேள்வித்தாள் தயாரிப்பதில் நமக்குள் ஒரு வழக்கம் இருந்ததே: ஒருவர் சரிபார்த்ததை மற்றவர் திரும்பப் படிப்பதில்லை. அந்த நம்பிக்கையில்தான் நான் அடித்துக் கொடுத்ததைப் படிக்காமல் கையெழுத்திட்டு, பெரம்பலூருக்குப் பஸ் ஏறினீர்கள்.

நீங்கள் எழுதியதை நான் மாற்றியிருந்தேன், சார். அரசு ஊழியர் 'டிமாண்ட்', அதாவது கோருகிறோம், என்று எழுதலாமா, மெமோ வருமா, தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவார்களா என்று இரண்டு நாள் யோசித்தேன். பஸ் நிற்குமானால் நன்றாக இருக்கும், நாங்கள் மிகவும் மகிழ்வோம் என்று அடித்தேன். இலக்கணத்தில் ஒரு பிழை கிடையாது. அதை மட்டும் மூன்று முறை சரிபார்த்தேன்.

மறுநாள் நகலை என் மேசையில் வைத்தீர்கள். "ஆசைப்படுறோம்னு எழுதியிருக்கீங்க, நல்ல ஆசைன்னு சொல்லி அனுப்பிட்டாரு சார்." போகும்போது சொன்னீர்கள்: "டைப்பு மட்டும் ரொம்ப சுத்தம்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அடுத்த மனுவைக் கையாலேயே எழுதி அனுப்பினீர்கள். அது பலித்து ஒரு டவுன் பஸ் வந்தபோது காலாண்டுத் தேர்வு முடிந்திருந்தது. பத்தாம் வகுப்பு அஞ்சலை அதற்குள் பள்ளியை விட்டு முந்திரிக் கொட்டை உடைக்கப் போய்விட்டாள். உங்கள் காரியத்தன்று உங்கள் படத்துக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் சொல்ல வரவில்லை.

இப்போது அந்த டவுன் பஸ்ஸும் புறவழிச் சாலையோடு போய்விடுகிறது. போன வாரம் என் வீட்டு வாசலில் வந்து நின்றவள் அஞ்சலைதான், சார். தலை பாதி நரைத்துவிட்டது.

"எம்மவ பிளஸ் ஒன்னு சார். தெனம் லேட்டு, தெனம் வெளிய நிக்கிறா. இப்புடியே போனா நானும் நின்னுக்கறேம்மாங்குறா. தமிழ்ல நாங்க எழுதிட்டோம். வந்திருக்குற ஆபீசரு வடக்கத்திக்காரராம். இங்கிலீசுல நீங்க ஒண்ணு எழுதிக் குடுங்க. நீங்க வர வேணாம், வெயிலு."

வருகிறேன் என்றேன். முதல் கட்டத்திலிருந்து எழுதினேன். கோருகிறோம் என்றே எழுதினேன். கீழே முதல் கையெழுத்து என்னுடையது.

மனு கொடுக்கும் வரிசை நீளமாக இருந்தது. அஞ்சலை எனக்கு முன்னால் நின்றாள். அவள் கையில் மனுவைக் கொடுத்து அமைதியாக இருந்துவிட முடியவில்லை. "அஞ்சலை, அன்னைக்கு சார் எழுதின மனுவ மாத்தி அடிச்சவன் நான்தான். பயந்துட்டேன். அதனாலதான் உனக்கு பஸ் நிக்கல."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமா என்று தெரியவில்லை. வரிசையில் எங்களுக்கு முன்னால் இடம் விழுந்திருந்தது.

"அத அப்பறம் பேசிக்கலாம் சார். வரிச நவுருது, வாங்க."

அதிகாரி இளைஞர். படித்துவிட்டு, "டிமாண்டா?" என்று புருவம் உயர்த்தினார். ஆமாம் ஐயா, கோரிக்கைதான், பதில் வராவிட்டால் அடுத்த திங்களும் வருவோம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நடுவில் ஒருமுறை தண்ணீர் குடித்தேன். அவர் எழுதிக்கொண்டார். நிற்குமா என்பது இன்னும் தெரியாது.

திரும்பி வரும் பஸ்ஸில் அஞ்சலை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, மகளுக்கு போனில் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த 'அப்பறம்' அந்தப் பயணத்தில் வரவில்லை. இறங்கும்போது, "திங்கக்கெழம ஏழு மணிக்கே வந்துருங்க சார்" என்று மட்டும் சொன்னாள்.

உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்ததை இதோ எழுதிவிட்டேன். அவளுக்கு முழுதும் சொல்ல வேண்டியது பாக்கி. என்றைக்கு அவள் கேட்டாலும், நல்ல வார்த்தை தேடாமல், நடந்ததை நடந்தபடி சொல்வேன். அதுவரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவளோடு போவேன், சார்.