பாண்டம்

4 ஜூன் 1961

கல்யாணமான நாளிலிருந்து எதற்கும் என் சம்மதத்தைக் கேட்காதவர், இன்று வண்டியை விற்பதற்கு மட்டும் ஏன் கேட்டார்? எனக்குப் பதில் தெரியவில்லை.

காலைப் பலகாரத்தின்போது தட்டைப் பார்த்தபடியே, "மொழி, பெரிய வண்டியைக் குடுத்திரலாமா?" என்றார்.

"உங்க வண்டி. உங்க இஷ்டம்" என்றேன்.

இன்னும் எதையோ எதிர்பார்ப்பவர்போல என்னைப் பார்த்தார். பிறகு, "ரெண்டு பேருக்கு எதுக்கு மூணு சக்கரம்?" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

ஓய்வு பெற்ற ஆணுக்குக் கை சும்மா இருக்காது, எதையாவது விற்கும், வாங்கும் என்று வைத்துக்கொண்டேன். மராமத்து இலாகா ஓவர்சியராகச் சிற்றாற்று அணைக்கட்டுகளையெல்லாம் அந்த பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளில்தான் சுற்றினார். யுத்தம் முடிந்து பட்டாளம் ஏலத்தில் விட்ட வண்டி. இடப்பக்கம் மூன்றாவது சக்கரத்தோடு, ஆள் உட்காரும் பெட்டி பூட்டியது எனக்காக. பின்னால் உட்கார மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். ஊர் பார்க்க ஒரு ஆணின் முதுகைப் பிடித்துக்கொண்டு போவதில் எனக்கு விருப்பமில்லை. கணவனின் முதுகாக இருந்தாலும்.

8 ஜூன்

பள்ளி திறந்தாயிற்று. இலத்தூரில் நான் இறங்கியதும் என் இடத்தில் மணல் மூட்டை ஏறும். வெறும் பெட்டியோடு போனால் இடப்பக்கத் திருப்பத்தில் பெட்டி அந்தரத்தில் தூக்கிக்கொள்ளும். "பெரிய டீச்சர் எறங்கியாச்சு, மூட்டை டீச்சர் ஏறியாச்சு" என்று பெண்கள் சிரிப்பது எனக்குத் தெரியும். தெரியாததுபோல் இருப்பதும் தலைமையாசிரியையின் வேலைதான்.

மூட்டையை எப்போதும் அவரே தூக்கி வைப்பார். இன்று பியூன் கடற்கரையைக் கூப்பிட்டார்.

"என்ன அண்ணாச்சி, ரிட்டயர் ஆனதும் மூட்டை கனக்குதோ?" என்றான் அவன்.

வழக்கமாக ஒரு பதில் சொல்வார். இன்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

11 ஜூன்

விற்றாயிற்று. சுந்தரபாண்டியபுரத்து ஆள் ஒருவன் வாங்கிப்போனான். பெட்டியில் விதைமூட்டை ஏற்றுவானாம். நல்லது, அதற்குப் பழகிய பெட்டிதான்.

14 ஜூன்

புது வண்டி வந்தது. புதியதல்ல, செங்கோட்டை எஸ்டேட் குமாஸ்தா ஒருவர் ஓட்டியது. சைக்கிளுக்குக் கொஞ்சம் சதை பிடித்தாற்போல இருக்கிறது. ஒர்க்ஷாப் பரீது கொண்டுவந்து நிறுத்தினான்.

"அண்ணாச்சி, இதுக்குப் பேரு பாண்டம். வெள்ளக்காரன் வச்ச பேரு. வழியில நின்னுட்டா இடுப்புல தூக்கி வச்சிக்கிட்டு வந்திரலாம்."

சமையற்கட்டிலிருந்து வேலைக்காரி உலகம்மை எட்டிப் பார்த்தாள். "பாண்டமா? உள்ள கெடக்கது காணாதுன்னு இது வேறயா? இதையும் நாந்தான் புளி போட்டு வெளக்கணுமா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். மார்ச்சில் ஓய்வு பெற்ற பிறகு இன்றுதான். இங்கிலீஷில் அது ஒரு சின்னச் சேவலின் பெயர் என்று சொல்ல நினைத்தேன். பாண்டமே இருக்கட்டும்.

19 ஜூன்

இன்று பின்னால் உட்கார்ந்தேன். வேறு வழி? பஸ்ஸில் போகிறேன் என்றதற்கு, "நான் எதுக்கு இருக்கேன்?" என்றார். அந்தக் குரலுக்கு மறுப்புச் சொல்ல முடியவில்லை.

எதைப் பிடித்துக்கொள்வது? முதலில் இருக்கைக்கு அடியிலிருந்த கம்பியை. ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியதும் கை தானாக அவர் தோளுக்குப் போயிற்று. தோள் அதிர்ந்துகொண்டிருந்தது. சின்ன எஞ்சின், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

ரயில்வே கேட் அடைத்திருந்தது. எஞ்சினை நிறுத்தினார். சாரல் தூறியது. வண்டி அமைதியாகிவிட்டது. என் கைக்குக் கீழே அவர் தோள் அமைதியாகவில்லை.

கையை எடுக்கவும் தோன்றவில்லை. ரயில் வந்தது, போயிற்று. கேட் திறந்தது.

"குளிருதா?" என்றேன்.

"சாரல்லா" என்றார்.

இருவரும் அதை ஏற்றுக்கொண்டோம்.

20 ஜூன்

கேட்கவில்லை.

25 ஜூன்

கவனிக்கத் தொடங்கினால் எல்லாம் தெரிகிறது. காப்பியை இடது கையில் எடுக்கிறார். வலது கை எப்போதும் ஜிப்பாப் பைக்குள். முகச்சவரத்தில் கன்னத்தில் கீறல்கள். எத்தனை நாளாக? ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் என்ன பார்த்துக்கொண்டிருந்தேன்?

பெரிய வண்டி குலுங்கியதில் இவர் குலுங்கியது தெரியவில்லை. அவ்வளவுதான். அந்த இரும்புச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறார். அதுவும் என் கண் முன்னால், கைக்கெட்டும் தூரத்தில்.

மாலை கேட்டுவிட்டேன். எப்படிக் கேட்டேன் என்று எழுத வெட்கமாயிருக்கிறது. கத்தினேன். "எத்தனை நாளா இப்படி? எங்கிட்டச் சொன்னா என்ன? நான் என்ன, அந்த மணல் மூட்டையா?"

அவர் ஜிப்பாப் பையிலிருந்து கையை எடுத்து மேசைமேல் வைத்தார். அது பாட்டுக்கு ஆடியது, யாருடையதோபோல.

"ரெண்டு வருஷமா. ஆஃபீசுல மறைச்சேன். பெறவு பழகிப்போச்சு."

"ஏன் சொல்லல?"

"வண்டியைக் குடுத்திரலாமான்னு கேட்டேம்லா. நீ ஏன்னு கேப்பேன்னு நெனச்சேன்."

ஜூன் நாலாம் தேதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அது கிடைக்காமலே போயிருக்கலாம்.

3 ஜூலை

பாளையங்கோட்டை. பெரிய டாக்டர். நடக்கச் சொன்னார், பொத்தான் போடச் சொன்னார், எழுதச் சொன்னார். இவருடைய கையெழுத்து எறும்புச் சாரைபோலச் சிறுத்துக்கொண்டே போயிற்று. வியாதிக்குப் பெயர் இருக்கிறது. ஆடுவதைக் கொஞ்சம் குறைக்க மாத்திரை இருக்கிறது. தீர்க்க ஒன்றுமில்லை. உயிருக்கு ஆபத்தில்லை, இன்னும் பத்துப் பதினைந்து வருஷம்கூட இப்படியே இருக்கலாம் என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

வண்டி ஓட்டலாமா என்று நான் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்டால் டாக்டர் என்ன சொல்லியிருப்பார் என்று இருவருக்கும் தெரியும்.

5 ஜூலை

அவருடைய அக்கா பேராச்சி மதினி வந்துவிட்டார். யார் சொன்னதோ.

"ஏட்டி மொழி, டாக்டர் கெடக்கான். ஞாயித்துக்கெழமதோறும் எண்ணெ தேச்சு அருவியில நிப்பாட்டு. தண்ணி மண்டையில விழுந்தா நரம்பெல்லாம் தெளிஞ்சிரும். படிச்சவளுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போவுது!"

அருவி நரம்பைத் தெளிவிக்கும் என்றால் குற்றாலத்துக் குரங்குகள் இந்நேரம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். "சரி மதினி" என்றேன்.

எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் இதற்குப் பதிலாக வைக்க என்னிடம் வேறு எதுவும் இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

9 ஜூலை

போனோம், பாண்டத்தில்தான். அவரே ஓட்டினார். வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

குற்றாலத்துப் பேரருவியில் நல்ல தண்ணீர். நான் குளிக்கவில்லை. குடையோடு நின்று ஆண்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டத்துக்குள் புகுந்தார், தண்ணீருக்குள் மறைந்தார், வெளியே வந்தார். அவரோடு வெளியே வந்த எல்லாருமே நடுங்கிக்கொண்டிருந்தார்கள். கிழவர், வாலிபர், தொந்தி பெருத்த வியாபாரிகள், எல்லாருக்கும் பல் கிட்டித்தது. அந்தக் கொஞ்ச நேரம் அவர் யாரையும் போலத்தான் இருந்தார். எது அவர் கை, எது அடுத்தவர் கை என்று எனக்கே தெரியவில்லை.

பிறகு மற்றவர்கள் துவட்டிக்கொண்டார்கள். ஒவ்வொருவராக நடுக்கம் நின்றது.

"அண்ணாச்சிக்கு இன்னும் குளிர் விடலபோல. ஒரு சுக்குக்காப்பி குடிங்க" என்று கடைக்காரர் சங்கரபாண்டி டம்ளரை நீட்டினார். அதை நான் வாங்கிக்கொண்டேன்.

12 ஜூலை

ஒன்றுமில்லை. மழை.

16 ஜூலை

மறுபடி குற்றாலம். திரும்பும்போது விழுந்தோம்.

வேகம் கூட்டும் பிடி வலது கையில்தான் இருக்கிறது. அந்தக் கை வெட்டி இழுத்தது. எதிரே ஒரு மாட்டுவண்டி. அவர் வண்டியை ஒடித்துத் திருப்பினார். வயல்சேற்றில் கிடந்தோம். அடி பெரிதாக இல்லை. எனக்கு முழங்கை சிராய்ப்பு, அவருக்கு நெற்றியில் வீக்கம். அவர் கால்மேல் வண்டி கிடந்தது. யோசிக்காமல் பிடித்துத் தூக்கினேன். வந்துவிட்டது. நான் ஒருத்தியே தூக்கி, வரப்பில் நிறுத்தினேன். மாட்டுவண்டிக்காரர் இறங்கி ஓடிவருவதற்குள்.

அவர் எழுந்திருக்கவில்லை. சேற்றில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்தார்.

"பெரிய வண்டியா இருந்தா உன்னால தூக்க முடிஞ்சிருக்காது."

"ஆமா."

"அதான் இதை வாங்கினேன்."

எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. ஒர்க்ஷாப்பில் நின்று, எடை பார்த்து, நான் தூக்கக்கூடியதாகத் தேடியிருக்கிறார். விழத்தான் போகிறோம் என்று தெரிந்தே வாங்கியிருக்கிறார். விழும்போது பக்கத்தில் நான்தான் இருப்பேன், வேறு யாரும் இருக்க மாட்டார்கள் என்பதும் தெரிந்தே.

பாவி மனுசா. இதை வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?

வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். நான் தள்ளினேன். அவர் பக்கத்தில் நடந்தார், கையைப் பைக்குள் விடாமல்.

இனி அவர் ஓட்டக் கூடாது. நாளை அதைச் சொல்லியாக வேண்டும். ஓட்டாத மனிதரை வைத்துக்கொண்டு, இந்த வீட்டில், இன்னும் பத்துப் பதினைந்து வருஷம். என்ன செய்யப் போகிறேன்? எப்படிச் சொல்லப் போகிறேன்?

17 ஜூலை

சொல்ல வேண்டியிருக்கவில்லை.

காலையில் பஸ்ஸுக்குப் புறப்பட்டு வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் வண்டி சேறு போகக் கழுவி ஸ்டாண்டில் நின்றது. அவர் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். முன் இருக்கை காலி.

"எறங்குங்க. எனக்கு ஓட்டத் தெரியாது."

"தெரியும்னு யாரு சொன்னா?"

"அம்மா, தெருவே பாக்குது" என்றாள் உலகம்மை உள்ளேயிருந்து.

பையை மண்ணில் வைத்தேன். முதலில் ஒருபக்கமாக உட்கார்ந்தேன். அது ஓட்டுகிறவர் உட்காரும் விதமல்ல. சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு காலை அந்தப் பக்கம் போட்டேன். நாற்பத்தொன்பது வயதில்.

"எடது கையில இருக்கது கிளட்சு. புடிச்சிட்டு மெதுவா விடணும்."

"எவ்வளவு மெதுவா?"

அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். வண்டியை நாங்கள் கிளப்பவேயில்லை. ஆனாலும் அது நடுங்கிக்கொண்டிருந்தது.

தெருமுக்கில் பஸ் நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. இறங்கவில்லை. பள்ளிக்கு நான் தாமதமாகப் போனது இதுவே முதல் தடவை.