காயாத வார்னிஷ்

6 அக்டோபர் 2024, ஞாயிறு

குமரனின் அப்பா இருபதாம் தேதி வருகிறாராம், நாத்தனார் கல்யாணப் பத்திரிகை வைக்க. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. குடியாத்தத்திலிருந்து ஆம்பூர் என்ன தூரம்? பிரிசில்லா என்ற என் பெயரே இன்னும் அவர் வாயில் வந்ததில்லை. "வாசல்லயே குடுத்துட்டுப் போய்டுவேன்" என்று குமரனிடம் போனில் சொல்லிவிட்டார்.

பார்க்கலாம். உட்கார வைத்துச் சோறு போடாமல் விடமாட்டேன். ஆனால் எதில் உட்கார வைப்பது? சாப்பாட்டு மேஜை நாற்காலியெல்லாம் வார்னிஷ் உரிந்து பல்லிளிக்கிறது. நானே தேய்த்து அடிக்கப் போகிறேன். ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் பார்த்து ரிஜெக்ட் பண்ணுகிறவளுக்கு நாற்காலி பெரிய விஷயமா?

9 அக்டோபர்

பெரிய விஷயம்தான். டப்பாவைக் குலுக்கிவிட்டேன். மெதுவாகக் கிளற வேண்டுமாம். ஒரே குமிழி. "இன்னா பிரிசி, நாற்காலிக்கு அம்மை போட்டிருக்கு?" என்றான் குமரன். அவனையே தேய்க்க விட்டேன்.

12 அக்டோபர்

மறுபடி அடித்தேன். இப்போது மீன் கண் மாதிரி குட்டிக் குட்டிப் பள்ளம். வார்னிஷ் அங்கெல்லாம் ஒட்டாமல் விலகி ஓடுகிறது. கம்பெனியில் ஸ்ப்ரே அடிக்கிற முஸம்மிலிடம் போட்டோ காட்டினேன்.

"முன்னாடி எதுனா தடவுனீங்களாக்கா?"

தடவினேன். பளபளப்புக்கு, ஷூவுக்கு அடிக்கிற சிலிகான். போன தீபாவளிக்கு. அது பட்ட இடத்தில் வார்னிஷ் நிற்காதாம்.

சிரித்துச் சிரித்து அவனுக்குப் புரையேறிவிட்டது. இதே பள்ளத்துக்காக அவன் வேலையை எத்தனை தடவை திருப்பி அனுப்பியிருப்பேன்! தின்னரில் துடைத்து, மறுபடி தேய்த்து — கை போச்சு.

17 அக்டோபர்

மழை. காயவில்லை.

19 அக்டோபர்

இன்னும் மழை. முதல் கோட் காய்வதற்குள் அவசரப்பட்டு இரண்டாவதை அடித்துத் தொலைத்தேன். விரல் வைத்தால் ரேகை பதிகிறது. ஆண்டவரே, காயட்டும்.

20 அக்டோபர், ஞாயிறு

காலையில் தொட்டேன், ஒட்டவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

மாமா வெள்ளை வேட்டியில் வந்தார். கொட்டுகிற மழையில் வாசலில் நிற்க முடியுமா? உள்ளே வந்து உட்கார்ந்தார். குமரனிடம் பத்திரிகையைக் கொடுத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. "சரி, வர்றேன்" என்று எழுந்தார்.

நாற்காலியும் எழுந்தது.

"இன்னாடா இது?"

மேலே காய்ந்தது உள்ளே காயவில்லை. ஆள் சூட்டுக்கு இளகிவிட்டது. ஐயோ, செத்தேன்னு நெனச்சேன். குமரன் ஓடிப்போய் லுங்கி எடுத்து வந்தான். மாமா லுங்கிக்கு மாறினார். வேட்டி மட்டும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தது. லுங்கியோடு பஸ் ஏறமாட்டாராம். வீட்டில் தறி போட்டு லுங்கி நெய்கிறவர்!

வேட்டியைப் பிரித்து, அலசி, இஸ்திரி போட்டுக் காயவைக்கும் வரை எங்கே போவார்? சாப்பிட்டார். கோழிக் குழம்பு இரண்டாம் தரமும் கேட்டார், குமரனிடம்தான். கிளம்பும்போது சுவரைப் பார்த்து, "யார் அடிச்சது வார்னிஷு?" என்றார்.

"நான்தான் மாமா."

தோள் குலுங்கியது. சிரித்தாரா?

3 நவம்பர், ஞாயிறு

மாமா போன் செய்தார். குமரனுக்கு இல்லை, எனக்கு. போன வாரமும் இப்படித்தான். அதே கேள்வி: "காஞ்சுதாம்மா?"

"இன்னும் இல்ல மாமா."

"ஐய, பேஜாரான வார்னிஷா கீதே. சரி, ரெண்டு நாள் கழிச்சிக் கேக்கறேன்."

அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.