நிலக்சியின் பெயர் எழுதிய கொப்பி

11.10, சனி

பின்னேரம் இடி மட்டும். மழை இல்லை. ரியூசனில் இரண்டு மணித்தியாலம் கணிதம், பாதி விளங்கவில்லை.

லண்டன் மாமா (அம்மாவின் தம்பி) வந்து ஐந்து நாள். பெரியம்மா வீட்டில்தான் நிற்கிறார், வேலிக்கு அந்தப் பக்கம். அங்கே மலசலகூடத்தில் கொமட் இருக்கிறதாம்.

மாமா புதிதாகப் பழைய பொலிஸ் ரிவோல்வர்கள் சேர்க்கத் தொடங்கியிருக்கிறார். சுடாதாம், குழாயை அடைத்துத்தான் விற்பார்களாம். இங்கே கொண்டுவரவில்லை, போனில் படங்கள் மட்டும். இதுவரை வாங்கியது ஒன்று. அதுவும் பிழை. 'அ' என்று நினைத்து 'ஆ'வை வாங்கிவிட்டார். (கொம்பனிப் பெயர்களை எழுதப் பயம்.) இரண்டும் ஒரே அளவு, ஆறு குண்டு, மரப்பிடி.

"கண்ணாடி போட்டும் எனக்குப் பிடிபடேல்லை. நிலா, நீ பார் பாப்பம்."

நிலா என்றால் நிலக்சி. பெரியம்மாவின் மகள், என் வகுப்பு. மாமா சாய்ந்திருந்த கதிரையின் கையில் ஏறி இருந்தாள். நான் கதவடியில்.

"இது ஆ, மாமா. குழாய்க்குக் கீழை உள்ள உந்தக் கம்பியின்ரை நுனியை ஒரு குமிழ் பிடிச்சுக்கொண்டு நிக்குது."

"அடி சக்கை! கெட்டிக்காரி."

அதை நானும் பார்த்திருந்தேன். அவளுக்கு முதலே.

"என்னடி, கதவுக்கு முண்டு குடுக்கிறியோ? வந்து இரன்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அதற்குள் அம்மா வந்துவிட்டார்.

"துவக்குக் கதையே இங்கை? எழும்பி வா வீட்டை."

எங்கள் வீட்டில் அந்தச் சொல் கிடையாது. கேட்டாலே அம்மா ஜன்னல்களைச் சாத்துவார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

12.10, ஞாயிறு

நுளம்பு வலைக்குள் டோச் வெளிச்சம். அம்மா நித்திரை. புதுக் கொப்பி ஒன்றில் எழுதியது:

கம்பி நுனி – அ: பிடிப்பில்லாமல் நிற்கும். ஆ: குமிழ் பிடிக்கும்.
திறக்கும் பூட்டு (இடப்பக்கம்) – அ: பின்னுக்கு இழுப்பது. ஆ: முன்னுக்குத் தள்ளுவது.
குண்டு போடும் உருளை – அ: வலம் சுற்றும். ஆ: இடம்.

இரண்டையும் கீறினேன். நன்றாக வந்தது. காட்ட ஆள் இல்லை. நிலக்சிக்குக் கோடு நேராகக் கீறவும் வராது, ஆனால் கதிரைக் கை அவளுக்கு.

அம்மா கண்டால்? கொப்பி மட்டையில் 'நிலக்சி, தரம் 11' என்று எழுதினேன். அகப்பட்டால் அவள் அகப்படட்டும்.

எழுதிய பிறகு அழிறப்பரைக் கையில் எடுத்தேன். அழிக்கவில்லை.

14.10, செவ்வாய்

மழை. சப்பாத்து காயவில்லை.

வியாழன் இரவு ஒரு ஏலம் முடிகிறதாம். மாமாவுக்கு 'அ' வேண்டும். ஒரே ஒரு படம்தான் போட்டிருக்கிறார்கள். வலப்பக்கம் எடுத்தது, பூட்டுத் தெரியாது. முன்பாதி தோலுறைக்குள், கம்பி நுனியும் தெரியாது.

"அ தான் மாமா. பிடியைப் பாருங்கோ" என்றாள் நிலக்சி.

சும்மா அடிக்கிறாள். பிடியை மாற்றிப் போடலாம் என்று மாமாவே முதல்நாள் சொன்னவர். ஆனால் நம்பிவிட்டார்.

நான் உருளையைப் பார்த்தேன். சுற்றிவரச் சின்னப் பள்ளங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சரிவு, உருளையை நிறுத்துகிற ஆணி வழுக்கி வந்து விழுகிற பாதை. மாமாவிடம் இருக்கிற 'ஆ'வின் வலப்பக்கப் படத்தில் சரிவு பள்ளத்துக்கு மேலே. இதிலும் மேலே. அப்படியென்றால் இதுவும் அந்தப் பக்கம்தான் சுற்றும். இதுவும் ஆ. மாமா மறுபடியும் அதையே வாங்கப் போகிறார்.

வாய்வரை வந்தது. சொல்லவில்லை. பார்சல் வந்து சேரட்டும், அவளுடைய கெட்டித்தனம் தெரியட்டும். கொப்பியில் எழுதி இரண்டு தரம் கோடு போட்டேன்.

15.10, புதன்

காலையில் அம்மா: "பின்னேரம் கொப்பியள் எல்லாத்தையும் எடுத்து வை. என்னதான் படிக்கிறாய் எண்டு பாக்கோணும்."

பள்ளிக்கூடத்தில் ஒன்றும் ஏறவில்லை. வந்ததும், அம்மா சந்தைக்குப் போயிருந்த நேரம், தையல் நூல் போடும் பிஸ்கற் ரின்னை வெறுமையாக்கி, கொப்பியை வைத்து, எங்கள் வளவு வாழைக்குப் பின்னால் மண்ணுக்குள் தாட்டேன். இடம்பெயர்ந்த காலத்தில் அம்மா பிறப்புச் சான்றிதழ்களை இப்படித்தான் தாட்டு வைத்தாராம். காலால் மண்ணை மட்டமாக்கினேன்.

மற்றக் கொப்பிகளை அம்மா பார்த்தார். "எழுத்து வடிவாய் இருக்கு" என்றார்.

16.10, வியாழன்

நல்ல வெயில். சப்பாத்து காய்ந்துவிட்டது.

பள்ளிக்கூடம் விட்டு நானும் நிலக்சியும் சைக்கிளில் வந்தால், ஒழுங்கை வாசலில் சிவப்பு நாடா. பொலிஸ் ஜீப். அயலட்டைச் சனம் முழுக்க றோட்டில். மாமா உடுத்த சாரத்தோடு.

அம்மா வாழைக்குத் தண்ணீர் விடப் போனவர், புது மண்ணைக் கண்டிருக்கிறார்.

"ஆரோ கிளறியிருக்கினம். ஒருத்தரும் கிட்டப் போகாதேங்கோ!"

நான் அதை யோசிக்கவே இல்லை. எங்கள் ஊரில் புது மண்ணைக் கண்டால், கண்ணிவெடியோ என்று யாரும் சும்மா போக மாட்டார்கள்.

வெடி தேடுகிற மெசின் ரின்னுக்கு மேலே கத்தியது. மெல்ல மெல்லக் கிண்டினார்கள். தமிழ் கதைக்கிற பொலிஸ்காரர் ஒருவர் கொப்பியைத் திறந்தார். படங்களைப் பார்த்தார். மட்டையைப் பார்த்தார்.

"ஆர் நிலக்சி?"

நான் குனிந்து சைக்கிள் செயினைப் பார்த்தேன். நிலக்சி முன்னுக்குப் போய்க் கொப்பியை வாங்கிப் புரட்டினாள். முதலாம் ஆண்டிலிருந்து அவளுக்கு என் எழுத்துத் தெரியும். ஒரு தரம் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஓம் சேர், என்ரைதான். மாமா பழைய சாமான் சேக்கிறவர். அவற்ரை போனைப் பாத்துக் கீறினனான்."

"ஏன் பிள்ளை தாட்டனீர்?"

"சித்தி ஏசுவா எண்டு."

யாரோ சிரித்தார்கள். மாமாவுக்குப் பொலிஸ்காரரிடம் நல்ல ஏச்சு விழுந்தது. அது முடிந்து மாமா கொப்பியைப் பார்த்தார், கோடு போட்ட இடத்தில் நின்றார்.

"நிலா, உந்தச் சரிவை நீயே கண்டுபிடிச்சாய்? நான் இண்டைக்கு ஏமாந்திருப்பனடி."

தலையைத் தடவினார். அவள் இல்லை என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள், பொலிஸ்காரர் பக்கத்தில். ஆனாலும்.

அம்மா ரின்னைத் துடைத்து நூல்களை அடுக்கினார். நூல் கட்டை இரண்டு தரம் கையிலிருந்து விழுந்தது. தன்னுடைய ரின் நிலக்சியிடம் எப்படிப் போனது என்று கேட்கவில்லை.

பொழுதுபட வேலியடியில் நிலக்சி.

"இந்தா, உன்ரை கொப்பி. ஏனடி என்ரை பேரை எழுதினனி?"

நான் கொப்பியை வாங்கிச் சட்டைக்குள் வைத்தேன். அவள் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அத்தனை பேருக்கு முன்னால் அவளுக்குக் குரல்கூட நடுங்கவில்லை. கதிரைக் கையைப்போல அதுவும் அவளுக்குத்தான்.