தாளிக்கக் கூடாத எண்ணெய்

டிசம்பர் 18, வியாழன்

பனி. ஒன்பது மணி வரை மலை தெரியவில்லை. எனக்கு ஜலதோஷம், மூக்கு சுத்தமாக அடைப்பு.

என் பெண்டாட்டி சரசு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள். டாக்டர் சொன்னதை எழுதி வைக்கிறேன், ஆளாளுக்குக் கேட்கிறார்கள், சொல்லிச் சொல்லி எனக்கே குழம்புகிறது. தைராய்டுக் கட்டியை எடுத்தாயிற்று. கழுத்தில் நெறி கட்டியிருந்ததையும் எடுத்தாயிற்று. நாம் தின்கிற எண்ணெய், நெய் எல்லாம் கழுத்தோரம் ஓடும் ஒரு வாய்க்கால் வழியாகத்தான் ரத்தத்தில் சேருமாம். ஆபரேஷனில் அந்த வாய்க்காலில் ஒரு பொத்தல். கசிவதை வெளியே எடுக்கக் கழுத்தில் குழாய், முனையில் கொய்யாக்காய் அளவில் பிளாஸ்டிக் குடுவை. எண்ணெய் தின்றால் குடுவையில் பால் மாதிரி வரும். தின்னாவிட்டால் தெளிந்து, குறைந்து, பொத்தல் தானாக மூடிக்கொள்ளும். மூடாவிட்டால் மறுபடி கழுத்தைத் திறக்க வேண்டும்.

ஆக, கூடாதவை: நெய், தேங்காய், கடலை, பால், கறி, முட்டை மஞ்சள், எல்லா எண்ணெயும். அனுமதி ஒன்றே ஒன்று, எம்.சி.டி. எண்ணெய். தேங்காயிலிருந்து எதையோ மட்டும் பிரித்தெடுத்தது. அது வாய்க்கால் பக்கமே போகாமல் நேராக ஈரலுக்குப் போய்விடுமாம். பலத்துக்கு அதுதான். தாளிக்கக் கூடாது. சோற்றை இறக்கி வைத்து, சூடு தணிந்தபின் ஸ்பூனால் அளந்து கலக்க வேண்டும். முதல் நாள் நான் தாராளமாக ஊற்றி, அவளுக்கு வயிற்றுப்போக்கு.

இன்று தாளிக்காத ரசம். "நல்லா இருக்குதுங்க" என்றாள். பொய். மூக்கடைத்த எனக்கே தெரிந்தது.

குடுவை: லேசான மஞ்சள், தெளிவு.

டிசம்பர் 19, வெள்ளி

பட்டறையில் ஒருவன் லீவு. இன்னொருவன் பம்பு ஷாஃப்டைத் தப்புச் சைஸில் கடைந்து வைத்திருக்கிறான். கத்தியதில் தொண்டையும் போயிற்று.

மத்தியானம் தாராபுரத்திலிருந்து அக்கா. கையில் தூக்குப்போசி நிறைய ஒப்புட்டு, போளிதான், நெய் சொட்டச் சொட்ட. இன்னொரு கையில் கேன் நிறையத் தேங்காய் எண்ணெய்.

"ஏந் தம்பி, ஒடம்பு முடியாத புள்ளைக்கு நெய்யி, எண்ணெய் காட்டாமச் சோறு போட்டா எப்படித் தேறும்?"

வாய்க்கால், பொத்தல், எல்லாம் மறுபடி முதலிலிருந்து. கேட்டுவிட்டு அக்கா எம்.சி.டி. பாட்டிலை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இதுலயும் தேங்காப் படந்தானே போட்டிருக்குது? நம்ம தோப்புக் காய், செக்குல ஆட்டுனது. அதையுட இது ஒசத்தியாக்கும்?"

கேனைக் கட்டிலுக்கடியில் காலால் தள்ளினேன். ஒப்புட்டைப் பட்டறைக்குக் கொண்டுபோய் எல்லோரும் தின்றோம். நன்றாகத்தான் இருந்தது.

இரவு சரசு கையிலிருந்து டம்ளர் நழுவியது. கத்திவிட்டேன். காலி டம்ளர்தான்.

குடுவை: நேற்றைவிடக் குறைவு. டாக்டருக்குப் போன். "இப்படியே போனா புதன்கிழமை குழாயை எடுத்துடலாம்."

டிசம்பர் 20, சனி

வாங்க: கொழுப்பு நீக்கிய பால் பவுடர், ஆரஞ்சு, பஞ்சு, எனக்கு மாத்திரை.

அக்கா கோயிலுக்குப் போயிருந்தாள். சாப்பிட வீட்டுக்கு வந்தால் சமையலறைத் தரை முழுக்க ஈரம். சரசு துடைத்திருக்கிறாள், அந்தக் குழாயோடு. குனியவே கூடாதென்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கும் ஒரு கத்தல். "தூசியா இருந்துதுங்க" என்றாள். யாருக்கு வேண்டும் சுத்தம்.

குடுவை: தெளிவு.

டிசம்பர் 21, ஞாயிறு

நல்ல குளிர். எம்.சி.டி. பாட்டில் அடிப்பாதி வெள்ளையாக உறைந்து கிடந்தது. மார்கழி வந்தால் இது ஒரு ரோதனை. மதில்மேல் வெயிலில் வைத்து, உருகும்வரை காத்திருந்து, பிறகுதான் அவளுக்குக் கஞ்சி. இதற்குள் பட்டறையிலிருந்து இரண்டு போன்.

சொந்தக்காரர்கள், ஒறம்பரை எல்லாம் வந்த வண்ணம். ஒருவர் ஆட்டுக்கால் சூப்பு, ஒருவர் நெய் மைசூர்பா. அதை வாங்கி மேலே வைப்பதும், வாய்க்கால் கதை சொல்வதுமே வேலை. "அட, ஒரு வாய்ல என்னங்க ஆயிரும்?" எல்லோருக்கும் இதே கேள்வி. ஆஸ்பத்திரியில் ஒரு போர்டு எழுதிக் கொடுத்தால் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன்.

சாயங்காலம் குடுவை கலங்கல். வெளிச்சம் சரியில்லையோ என்று டியூப்லைட் அடியில் பார்த்தேன். கலங்கல்தான்.

டிசம்பர் 22, திங்கள்

பால். பாலேதான். டபராவில் ஊற்றி வைத்தால் டிக்காக்ஷன் கலந்துவிடுவார்கள்.

அளவும் கூடிவிட்டது. டாக்டர்: "ஏதோ சாப்பிட்டிருக்காங்க சார். புதன்கிழமை கூட்டிட்டு வாங்க. நிக்கலைன்னா உள்ளே போய்க் கட்டித்தான் ஆகணும்."

சரசுவைக் கேட்டேன். "ஒண்ணுந் திங்கலீங்க. நீங்க போட்டதுதான்." மைசூர்பாவை எண்ணிப் பார்த்தேன், குறையவில்லை. என் சமையலில் எதிலும் எண்ணெய் கிடையாது, வாணலியே மாற்றியாயிற்று. பிறகு எங்கிருந்து வருகிறது?

பயமாக இருக்கிறது. போன ஆபரேஷனில் தியேட்டருக்குள் போகும்போது என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். நர்ஸ்தான் பிரித்துவிட்டது. இன்னொரு தடவை என்னால் முடியாது.

டிசம்பர் 23, செவ்வாய்

மறுபடி உறைந்த பாட்டில், மறுபடி மதில். குடுவை வெள்ளை.

யோசித்ததில் ஒரே ஆள்தான் மிச்சம். கட்டிலுக்கடியில் கேனை இழுத்துப் பார்த்தேன். குறைந்திருந்தது! நல்ல அளவுக்கு.

அக்காவைக் கேட்டேன். கேட்டேன் என்று எழுதுவது பொய், தெரு கேட்கக் கத்தினேன். நான் பட்டறைக்குப் போனதும் அவள் சோற்றில் ஊற்றிக் கொடுத்திருக்கிறாள், பாசம் காட்டுகிறேன் என்று என் பெண்டாட்டியைச் சாகடிக்கப் பார்க்கிறாள் என்று.

"என்ற புள்ளைங்க மேல சத்தியமா நாங் குடுக்கலை தம்பி."

சரசு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நீ சும்மா இரு என்றேன்.

அக்கா துணிப்பையைக் கட்டிக்கொண்டாள். "நான் போய்ட்டு வாரேன் அம்மணி, ஒடம்பப் பாத்துக்க." சரசுவிடம் மட்டும்தான் சொன்னாள். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விடக்கூட நான் எழவில்லை.

போகட்டும் என்று எழுதி, அதைக் கோடு போட்டு அடித்தேன்.

சரசு ராத்திரி சாப்பிடவில்லை.

டிசம்பர் 24, புதன்

ஆஸ்பத்திரி. டாக்டர் குடுவையைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். திங்கள் வரை அவகாசம். அதற்குமேல் ஆபரேஷன்.

சரசுவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு டயட்டீஷியன் பெண்ணிடம் போனேன். சின்னப் பெண். காலை முதல் இரவு வரை என்ன சமைக்கிறேன், எப்படி, எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டே வந்தது. எனக்கு எரிச்சல். நான் எவ்வளவு பாடுபடுகிறேன் தெரியுமா என்று ஆரம்பித்து, இந்தப் பாட்டில் வேறு தினமும் காலையில் உறைந்து தொலைகிறது, வெயிலில் வைத்து உருக்கி ஊற்றுவதற்குள் என் வேலை கெடுகிறது என்றேன்.

எழுதுவதை நிறுத்திவிட்டது.

"அது உறையாதுங்களே சார்."

"நான் பொய்யா சொல்றேன்?"

"இல்லீங்க சார். ஃப்ரிட்ஜுல வெச்சாக்கூட எம்.சி.டி. உறையாதுங்க. உங்க பாட்டில்ல இருக்கறது வேற எண்ணெய். தேங்காய் எண்ணெய்னா அதுல பெரும்பங்கு அந்தக் கழுத்து வாய்க்கால் வழியாத்தான் போகும்."

பொறந்ததிலிருந்து மார்கழியில் எண்ணெய் உறைவதைப் பார்த்து வளர்ந்தவன். உறைந்ததும் சந்தேகம் வரவில்லை, வெயில்தான் ஞாபகம் வந்தது. மூன்று வேளையும் என் கையால் அளந்து, கலந்து, ஊட்டியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்தேன். அக்காவை இந்தத் தடவை விடுவதில்லை என்று. சரசு கையைப் பிடித்தாள்.

"அக்காவக் கூப்புடாதீங்க. நாந்தானுங்க."

சனிக்கிழமை. கஞ்சியில் கலக்க அவளே மேல்தட்டிலிருந்து பாட்டிலை எடுத்திருக்கிறாள். கை நழுவி எண்ணெய் முச்சூடும் தரையில். துடைத்துவிட்டு, அக்காவின் கேனிலிருந்து ஊற்றி நிரப்பி, அதே இடத்தில் வைத்துவிட்டாள். "அதுலயும் தேங்காப் படந்தானுங்களே. ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சுப்போட்டேன்."

சொல்லியிருக்கலாமே என்றேன். மெதுவாகத்தான் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

"நீங்க கத்துவீங்க."

"அதுக்காக? மறுபடி கழுத்த அறுப்பாங்கன்னு தெரியுமல்ல உனக்கு?"

"அறுக்கறதுக்கு மயக்க மருந்து குடுத்துருவாங்களுங்க."

குத்திக்காட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள், யோசித்துப் பார்த்து முடிவுக்கு வந்த மாதிரி. என்னையறியாமல் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அவள் கை போய்க் குழாயைப் பொத்திக்கொண்டது.

பட்டறைக்குப் போய் லைட் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பர் 25, வியாழன்

கிறிஸ்துமஸ். நாலு கடை அலைந்தும் இல்லை, கடைசியில் ஆஸ்பத்திரி மருந்துக்கடையிலேயே புதுப் பாட்டில். ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் மாதிரி ஆடுகிறது.

எதிர்வீட்டு டீச்சரம்மா கேக் கொண்டுவந்தார். வாய்க்கால் கதை சொல்லவில்லை. வாங்கிக்கொண்டேன்.

அக்காவுக்குப் போன். எடுக்கவில்லை. மறுபடி. அத்தான் எடுத்து, "அவ தோப்புல இருக்கறா" என்றார். தோப்பில் இருந்தாலும் போன் இடுப்பில்தான் இருக்கும்.

டிசம்பர் 27, சனி

குளிர் குறைவு. மூக்கு திறந்துவிட்டது, ரசம் எவ்வளவு கேவலம் என்று இப்போதுதான் முழுதாகத் தெரிகிறது.

குடுவை: பால் போய் மோர்த் தண்ணீர் மாதிரி. அளவும் கொஞ்சம் குறைவு. திங்களுக்குள் தெளியுமா, டாக்டர் பிடி கொடுக்கவில்லை.

அக்கா எடுத்தாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல வரவில்லை, காய் என்ன விலை போகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். "சரசுகிட்டக் குடு" என்றாள். கொடுத்தேன். இரண்டு பேரும் ரொம்ப நேரம் மெதுவாகப் பேசினார்கள். நான் உள்ளே வந்ததும் பேச்சு நின்றது.

பாட்டிலை மேல்தட்டிலிருந்து எடுத்து அவள் கைக்கெட்டும் இடத்தில் வைத்தேன். கொட்டினால் கொட்டட்டும், என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கத்த மாட்டேன் என்றேன்.

"செரிங்க" என்றாள்.

சாயங்காலம் பார்க்கிறேன், பாட்டில் மறுபடி மேல்தட்டில் இருக்கிறது.