தெரியாத சொல்லுக்கு நான் சொன்ன பொருள்

அக்கா,

இன்று காலை சின்னாளப்பட்டியில் பஸ் ஏறி உட்கார்ந்ததும், ஜன்னல் வழியாக ஒரு கை நுழைந்து பக்கத்து சீட்டில் சாப்பாட்டுப் பையைப் போட்டது. புளிச்சாத வாசனை. நீங்கள்தான் என்று நகர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஏறி வந்தது யாரோ ஒரு காலேஜ் பெண்.

எட்டு வருஷம் எனக்காக அப்படி இடம் பிடித்தீர்கள். "பை மேல உக்காந்துராதடி, வெஞ்சனம் கொட்டிரும்." அதுதான் நமக்குக் காலை வணக்கம். திண்டுக்கல்லில் இறங்கி நீங்கள் துணிக்கடைக்கும் நான் மருந்துக்கடைக்கும் போவோம். நான் பில் போடுகிறவள் மட்டும்தான். ஆனால் தெருவே என்னைப் பாதி டாக்டர் என்று நினைத்தது. நானும் மறுக்கவில்லை. மாத்திரை அட்டையோடு யார் வந்தாலும் ஏதாவது சொல்லி அனுப்புவேன். தெரியாது என்று சொல்ல மட்டும் வாய் வராது.

வயிற்றுக் கட்டிக்கு ஆறு மாதமாக வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு நாள் பஸ்ஸில் கேட்டீர்கள்.

"நேத்து டாக்டரம்மா இனிமே பாலியேட்டிவ்ல பாக்கலாம்னுட்டாங்கடி. அப்படின்னா என்னா? துபாய்ல இருக்க எம்மவன் லீவு போட்டு வரவாங்கிறான். வரச் சொல்லவா, வேணாமா?"

அந்தச் சொல்லை நான் அன்றுதான் முதல்முறை கேட்டேன். "அது தனிப் பிரிவுக்கா, நல்லாப் பாத்துக்கிருவாங்க. அவன் எதுக்கு அலையணும்? பொங்கலுக்கு வரட்டும்" என்றேன். உங்கள் முகம் தெளிந்தது. அங்கேயே போன் போட்டீர்கள்.

"ஒண்ணுமில்லப்பு, மெடிக்கல்ல வேலை பாக்குற புள்ளையே சொல்லிருச்சு. பொங்கலுக்கு வா, போதும்."

மத்தியானம் கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கும் அண்ணனிடம் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "நோயைக் குணமாக்க முடியாதுங்கிற கட்டத்துல, இருக்குற வரைக்கும் வலி தெரியாமப் பாத்துக்கிறதும்மா. யாருக்கு?"

"சும்மா கேட்டேண்ணே" என்றேன்.

சாயங்கால பஸ்ஸிலும் எனக்கு இடம் போட்டிருந்தீர்கள். அவித்த கடலையை என் மடியில் கொட்டினீர்கள். 'காலையில் நான் சொன்னது தப்புக்கா, அவனை உடனே வரச் சொல்லுங்க' என்று சொல்லியிருந்தால் போதும். ஊர் வந்து சேரும் வரை கடலை தின்றேன். மறுநாளும் சொல்லவில்லை. டாக்டரம்மா சொல்லாமலா இருப்பார் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். உங்களுக்கு வலிக்குமே என்று நான் வாயை மூடவில்லை அக்கா. இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நீங்கள் நினைத்துவிடுவீர்களே என்றுதான் பயந்தேன். இவ்வளவு அற்பமான பயத்துக்காக உங்கள் மகனைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டேன்.

மூன்றாவது வாரம் நீங்கள் பஸ்ஸுக்கு வரவில்லை. கார்த்திகை முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவன் வந்தபோது நீங்கள் ஐஸ் பெட்டிக்குள் இருந்தீர்கள். அழுது முடித்து எழுந்தவன் நேராக என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க சொன்ன தைரியத்துலதான் அம்மா கடைசி வரைக்கும் சிரிச்சுப் பேசுச்சு. நல்லா இருப்பீங்க சித்தி."

நான் தலையை ஆட்டினேன்.

இப்போதெல்லாம் கடையில் யார் என்ன கேட்டாலும், "எனக்குத் தெரியாது, அண்ணன்ட்ட கேளுங்க" என்கிறேன். அது சுலபமாகவே வருகிறது. உங்கள் மகன் பொங்கல் தவறாமல் ஊருக்கு வருகிறான். ஒவ்வொரு முறையும் எனக்கென்று ஒரு டப்பா பேரீச்சம்பழம் கொண்டுவருகிறான். இந்தப் பொங்கலுக்கும் கொண்டுவந்தான். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.