ஆஸ்பத்திரி விரிப்புகள் சிவந்த கதை

அன்பு மகளுக்கு உன் சித்தப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், அதிலும் நான் மற்றவர்களைவிட ஒரு படி கூடுதல் சுகம், அங்கே நீயும் சளி இருமல் அண்டாமல் நல்லபடி இருக்கவேண்டும் என்று காலையும் மாலையும் உன் பேரைச் சொல்லி ஜெபிக்கிறோம். முதலில் நல்ல சேதி. நீ அத்தையாகிவிட்டாய். உன் தம்பிக்கு வியாழக்கிழமை பெண் குழந்தை பிறந்திருக்கிறது, தாயும் பிள்ளையும் நலம், மூக்கு அச்சு அசல் என் மூக்கு. உன் சித்தி, அது இன்னும் மூக்காகவே ஆகவில்லை, வளரட்டும் பார்க்கலாம் என்கிறாள். பொறாமை, வேறென்ன. பிறந்த மறுநாளே என்னைப் பார்த்துச் சிரித்தது, அது வயிற்று வாயு என்று ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொன்னார், நீயும் நர்ஸ்தானே, நீயே சொல், வாயுவுக்கா அவ்வளவு அழகான சிரிப்பு வரும்?

போன கடிதத்தில், அங்கே ஆலயத்தில் கடைசி வரிசையில் உட்காருகிறேன், ஆராதனை முடிந்ததும் ஒருத்தரிடமும் பேசாமல் வந்துவிடுகிறேன், இங்கே என்னை யாருக்கும் தெரியாது என்று எழுதியிருந்தாய். வாசித்துவிட்டு உன் சித்தி கண்ணைத் துடைத்தாள், எனக்கும் கண் எரிந்தது, ஆனால் அது நான் அன்றைக்கு அடித்துவிட்டு வந்த பெயின்ட் வாடை. அதற்குப் பதில் எழுத நாலு நாள் யோசித்தேன், புத்திமதி சொல்வதைவிட இங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், நான் சொல்வதை நீ எப்போதும் பாதி தள்ளுபடி செய்துதானே கேட்பாய், இதில் தள்ள ஒன்றும் கிடையாது.

தெருமுனைச் சலவைக்கடைக்காரரை மறந்திருக்கமாட்டாய். சட்டைக்குப் போடுகிற கஞ்சியைத் தன் கழுத்துக்கும் போட்டுக்கொண்ட மாதிரி விறைப்பாக நடப்பார், நீயும் உன் தம்பியும் கஞ்சி மாமா என்று பேர் வைத்தீர்கள். அவர் வீட்டுக்கார அக்கா ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்கு வருவார், இவர் சைக்கிளில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு உள்ளே ஒரு பார்வைகூடப் பார்க்காமல் திரும்பிவிடுவார். அந்த மனிதர் ஈரத்துணிக் கூடையோடு மாடிப்படியில் சறுக்கி விழுந்து தொடைவரைக்கும் மாவுக்கட்டு. அவர்கள் கடைக்கு மூச்சே ஆஸ்பத்திரித் துணிதான், படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாம் தினமும் காலையில் வரும், மாலைக்குள் வெள்ளையாகத் திரும்பிப் போகவேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் வேறு கடைக்குக் கொடுத்துவிடுவோம் என்று ஆஸ்பத்திரி ஸ்டோர் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். அது போனால் கடைக்குப் பூட்டுதான். அக்கா ஒற்றை ஆளாக மெஷினிலும் தொட்டியிலும் துவைத்து, பிழிந்து, உலர்த்தி, தேய்த்து, அரை உடம்பாகிவிட்டார். நானும் போதகரும் போய்ப் பார்த்தோம், போதகர் உருக்கமாக ஜெபித்தார், ஆமென் சொல்லி முடித்ததும் கஞ்சி மாமா படுத்தபடியே, “ஜெபமெல்லாம் நல்லாத்தான் இருக்கு பாஸ்டர், உங்க ஆளுங்க துணி பிழிவாங்களா?” என்று கேட்டார். போதகர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். எனக்கு அதற்குப் பத்துப் பதில் தெரியும், போதகருக்கு மரியாதை கொடுத்துச் சும்மா இருந்தேன்.

அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்து, கர்த்தர் செய்த நன்மையை எழுந்து நின்று சாட்சி சொல்கிற நேரம் வந்தது. நான் எழுந்தால் போதகர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், உனக்குத் தெரியும். அன்றைக்கு நான் சுருக்கமாகத்தான் சொன்னேன். “ஸ்தோத்திரம், நம்ம சபை ஜனங்க முறை வச்சுக்கிட்டு சலவைக்கடையில போய் வேலை செய்றாங்க, அந்தக் காட்சியைப் பார்த்து என் கண்ணு கலங்கிருச்சு” என்று சொல்லி உட்கார்ந்தேன். அதைப் பொய் என்று சொல்லக்கூடாது மகளே, நடக்கப்போவதைக் கொஞ்சம் முன்கூட்டிச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். உன் சித்தி கிள்ளிய இடம் இன்னும் கன்றிப்போய் இருக்கிறது. ஆனால் பார், வெளியே வந்ததும் ஒரே சண்டை. எங்க குழுவை மட்டும் ஏன் கூப்பிடலை என்று பாடகர் குழுத் தலைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். “கிழவன்னு என்னைக் கழிச்சுக் கட்டிட்டீங்களாப்பா?” என்று ரிடையர் ஆன கணக்கு வாத்தியார் கைத்தடியை ஆட்டுகிறார். ஆளாளுக்குத் தாங்கள் மட்டும்தான் விட்டுப்போய்விட்டோம் என்று நினைத்துக்கொண்டார்கள். போதகர் என்னை ஓரமாக இழுத்து, “அண்ணே, நிஜமாவே யார் யார் போறாங்க?” என்றார். நாளைக்கு நீங்களும் நானும் பாஸ்டர், மத்தவங்களைக் கர்த்தர் பார்த்துக்குவார் என்றேன்.

திங்கட்கிழமை காலையில் போனால் சலவைக்கடை வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. ஐந்நூறு பேர் இருக்கும். உன் சித்தி இருபது என்கிறாள், அவள் கண்ணாடி மாற்ற வேண்டும். போதகர் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுத் தொட்டிக்குள் நிற்கிறார், வாத்தியார் விரிப்பை மூலைக்கு மூலை அளந்து மடிக்கிறார், ஒன்றை மடித்து முடிப்பதற்குள் ஒரு ஆராதனை நடத்திவிடலாம். நான் இஸ்திரி பிடித்தேன், சுவரில் பிரஷ் ஓட்டிய கைக்கு இதெல்லாம் ஜுஜுபி, ஒரே ஒரு உறைதான் கருகியது. தலைவி பாட்டு எடுத்துக்கொடுக்க எல்லோரும் பாடிக்கொண்டே துவைத்தோம். அப்போதுதான் அந்த வினை. பாடகர் குழுவின் கருஞ்சிவப்பு அங்கிகளும் அழுக்காகத்தானே இருக்கின்றன, இவ்வளவு சோப்பும் தண்ணீரும் போகிற போக்கில் அதையும் இதோடு மெஷினில் போட்டால் என்ன என்று ஒருவர் சொன்னார். சரி, நான்தான். போன கிறிஸ்துமஸுக்குத் தைத்த அங்கிகள், ஒரு தடவையும் தண்ணீர் பார்த்ததில்லை. மெஷினைத் திறந்து தொட்டியில் கொட்டினால் ஆஸ்பத்திரி விரிப்பு அத்தனையும் ரோஜாப்பூ நிறம். சிவப்பான பாவம் வெண்மையாவதைப் பற்றி நம் போதகர் மணிக்கணக்கில் பிரசங்கம் பண்ணுவார், வெண்மை சிவப்பானால் என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அக்கா கத்தியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். படியில் உட்கார்ந்து, “போச்சு, எல்லாம் போச்சு, சாயங்காலம் என்னத்தைக் கொண்டுபோய்க் குடுப்பேன்” என்று மெதுவாகச் சொன்னார். உதவி செய்ய வந்து ஒரு குடும்பத்தின் பிழைப்பில் அல்லவா கை வைத்துவிட்டேன். உள்ளேயிருந்து கஞ்சி மாமா, “என்ன, பாட்டு நின்னு போச்சு?” என்று சத்தம் போட்டார். நாற்காலியோடு தூக்கி வந்து முற்றத்தில் வைத்தோம். தொட்டியைப் பார்த்தார், போதகரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இன்றைக்கு நான் தொலைந்தேன் என்று நினைத்தேன். மனிதர் சிரிக்க ஆரம்பித்தார், மாவுக்கட்டு குலுங்குகிற அளவுக்குச் சிரித்தார், அவர் பல்லை நான் பார்த்ததே அன்றைக்குத்தான். “அடேயப்பா, நோயாளிங்களுக்கெல்லாம் கல்யாணமா?” என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அதிகாரம் தொடங்கியது. “அந்த அங்கியைத் தூக்கித் தூரப் போடுங்க. காய விடாதீங்க, காய்ஞ்சா சாயம் போகாது. பிளீச்சிங் பவுடரைக் கரைங்க. பாஸ்டர், முறுக்காம பிழியுங்க, அது துணி, பாம்பு இல்ல. வாத்தியாரே, அளந்தது போதும். அண்ணே, நீங்க வாயை மூடிக்கிட்டு தண்ணி மோந்து ஊத்துங்க.” இந்தக் கடைசி வார்த்தைக்குச் சபையே ஒரே குரலில் ஆமென் சொன்னது, பிரசங்கத்துக்குக்கூட அப்படி ஒரு ஆமென் நான் கேட்டதில்லை.

ஊற்றினேன் மகளே, வாயைத் திறக்காமல் ஊற்றினேன். ரெண்டு தடவை அலசினோம், மூன்றாவது தடவை வெளுத்தது, நல்ல வெயிலும் காற்றும் கிடைத்தன, தேய்க்கிற வேலையை என்னிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் என் பெயின்ட் வண்டியைத் துடைத்து, துணி மூட்டைகளை ஏற்றி, நானும் அக்காவும் போதகரும் தள்ளிக்கொண்டு போனோம். ஸ்டோர் அம்மா ஒரு விரிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மோந்து பார்த்தார், பவுடர் தின்று வெளுத்திருந்த போதகருடைய கால்சட்டையையும் பார்த்தார். அக்கா என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தார். “மருந்து வாசனை கொஞ்சம் தூக்கலா இருக்கு. நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்துடணும்” என்றார் அந்த அம்மா. அவ்வளவுதான், வேலை தப்பியது. மாவுக்கட்டுப் பிரிக்கிறவரை ஒரு நாள் விடாமல் சபை முறை வைத்துப் போனது, என் சாட்சி மெய்யாகிவிட்டது. அங்கிகள்தான் மங்கிப்போயின.

கஞ்சி மாமா இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். ஆலயத்துக்கு வருகிறாரா என்று கேட்பாய். இல்லை, வாசலோடு சரி. போதகரும் கேட்பதில்லை. குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்த அன்று, பார்க்க வருகிறவர்களிடம் மூக்கைப் பற்றி என்னவெல்லாம் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன், உன் சித்தி குவிந்துகிடந்த குழந்தைத் துணியைப் பார்த்து மலைத்து நின்றாள். மாடிப்படியில் கோல் சத்தம். தன்னுடைய பழைய பருத்திச் சட்டைகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, வெந்நீரில் அலசி, தேய்த்து ஒரு கட்டாகக் கொண்டுவந்து கட்டில்மேல் வைத்தார். “கஞ்சி போடலை, பயப்படாதீங்க” என்றார், அந்தப் பட்டப்பேர் அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. பிறகு அழுக்குத்துணிக் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இந்தக் காலோடு எதுக்கு, வைங்க வைங்க என்று நான் ஓடினேன். “உங்க முறை முடிஞ்சுது அண்ணே, இது என் முறை” என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். பேத்தியை வைத்துக்கொண்டு நான் நின்றேன், எனக்குக் கூட்டிச் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

இப்போதும் கூடை எடுக்க வந்திருக்கிறார், உனக்கு எழுதுகிறேன் என்று சொன்னேன், நீ தனியாக உட்கார்ந்து வருவதையும் சொன்னேன், கோபித்துக்கொள்ளாதே. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்துகூட நான் சேர்க்கவில்லை, சித்தி சாட்சி. “யாருக்கும் தெரியாட்டி என்ன? அங்கேயும் எவனாவது கால் ஒடிஞ்சு கிடப்பான். போய் நிக்கச் சொல்லுங்க. துணி பிழியத் தெரியாட்டியும் பரவாயில்ல, உங்களுக்கு மட்டும் தெரிஞ்சுதா?”

குழந்தைக்கு அடுத்த மாதம் ஞானஸ்நானம், இன்னும் பேர் முடிவாகவில்லை, நல்லதாக ரெண்டு பேர் யோசித்து உடனே எழுது, இல்லாவிட்டால் நானே வைத்துவிடுவேன் என்று எல்லோரும் பயந்துகொண்டிருக்கிறார்கள். நேரத்துக்குச் சாப்பிடு. நீ தொடுகிற ஒவ்வொரு நோயாளியின் கட்டிலையும் உன் உள்ளங்கையையும் கர்த்தர் ஆசீர்வதிப்பார்.

இப்படிக்கு,
பேத்தியைக் குளிப்பாட்டத் தண்ணீர் மோந்து ஊற்றப் போகும்,
உன் சித்தப்பா