பொங்கும் ரசமும் அடைத்த சாளரமும்

கூப்பிட்டால் இன்னும் "என்னட்டி" என்று கேட்டுவிடுவீர்கள் போலவே இருக்கும் என் அப்பாவுக்கு,

முதலில் நான் பார்த்தது ஒரு பல்லியை. நம் திராட்சரசக் கிடங்கின் கடைசிப் படியில் அது வயிறு தெரிய மல்லாந்து கிடந்தது. காயம் எதுவும் இல்லை, எறும்புகூட மொய்க்கவில்லை. அதைச் சுற்றிப் பழ ஈக்கள் எள்ளைக் கொட்டியதுபோலச் செத்துக் கிடந்தன. நான் நின்ற மேல்படியில் அதே ஈக்கள் என் முகத்தைச் சுற்றிப் பறந்தன. நடுவில் இருந்தது வெறும் காற்றுதான்.

போன சித்திரையில் அந்தப் படிக்குக் கீழேதான் நீங்கள் கிடந்தீர்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. கையில் ரசம் அமுக்கும் துடுப்பைப் பிடித்தபடியே இருந்தீர்கள். உங்களை இழுத்துக்கொண்டு வந்த சித்தப்பாவும் வாசலில் மயங்கி விழுந்தார். கிடங்கில் இருக்கிற முனி என் அண்ணனை அடித்துவிட்டது, என்னையும் தொட்டுவிட்டது என்று அவர் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த வருஷத்து ரசத்தை எல்லாம் வாய்க்காலில் கொட்டிவிட்டுக் கதவைப் பூட்டினோம். அதன்பிறகு நான் அந்தப் பக்கமே போனதில்லை. குளிக்கப் போனால்கூட தொழுவத்தைச் சுற்றிக்கொண்டுதான் போவேன்.

இந்த வருஷம் அம்மா அதைத் திறந்துவிட்டாள். தேவாலயத்துச் சாமியார் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். சீமையில் நடக்கும் சண்டையினால் கப்பலில் சரக்கு வருவதில்லை, பூசைக்குத் திராட்சரசமே இல்லை என்றார். "மற்றதை விடுங்கள். அந்த மூத்த கொடியின் ரசமாவது கிடைக்குமா?" என்று கேட்டார். அம்மா "கெடைக்கும்" என்று சொன்னாள்.

மூத்த கொடிகள் மூன்றும் நன்றாக இருக்கின்றன அப்பா. பூட்டனார் குற்றாலத்தில் ஒரு துரையின் பங்களாவில் தோட்டவேலை பார்த்தபோது கொண்டுவந்தவை என்று சொல்வீர்களே, அவைதான். அங்கே சாரலில் பழம் அழுகிப்போகும் என்று, தென்காசியைத் தாண்டிக் கீழப்பாவூர் போகிற வழியில் இந்தச் செம்மண்ணில் ஊன்றினாராம். இப்போது ஒவ்வொன்றும் ஆள் தொடை அளவு பருத்துப் பட்டை உரிந்து நிற்கிறது. காய்ப்பது கொஞ்சம்தான், பழமும் பொடி. ஆனால் பிழிந்தால் மை மாதிரி இறங்குகிறது. அதை எப்போதும்போல மூலைச் சாடியில் தனியாகத்தான் அம்மா ஊற்றினாள். மற்ற ரசம் இரண்டு கோடை தாங்காது, இது வைக்க வைக்க நன்றாகும் என்று நீங்கள் பெருமையாகச் சொல்வதை அம்மா சாமியாரிடம் அப்படியே சொன்னாள்.

உங்களுக்குத் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன். ஆனாலும் ஒன்றுவிடாமல் எழுதினால்தான் இன்று நடந்ததைச் சொல்ல முடியும்.

இன்று காலையில் அம்மா கிடங்கிலிருந்து ஏறி வந்தாள். சாடியில் மேலே மிதந்து வரும் தோலைக் காலையும் அந்தியும் துடுப்பால் அமுக்கிவிட வேண்டுமே, அதற்குத்தான் போயிருந்தாள். வந்தவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன மயினி, கண்ணெல்லாம் செவந்து கெடக்கு?" சித்தப்பா தூரத்தில் நின்றே கேட்டார்.

"வெயிலு. வேற என்ன?"

"உள்ள ஏது வெயிலு? நான் சொல்லுதத கேளுங்க. முனிக்கு ஒரு பொங்கல வச்சுட்டு எறங்குங்க."

"அதான் போன வாரமே வச்சாச்சுல்லா? இன்னும் வேணும்னா ஒரு சாடியக் குடிச்சுட்டுப் போகட்டும். அப்படியே துடுப்பையும் போட்டுட்டுப் போனா எனக்கு ஒரு வேலை மிச்சம்."

பழம் மிதிக்க வருகிற மாடத்தி சிரித்துவிட்டாள். "சின்ன மொதலாளி வேட்டி நுனிகூட அந்தப் படியத் தாண்டாது. முனி இவுகள எங்க வந்து புடிக்க?"

"நீ சும்மா கெட மாடத்தி" என்றார் சித்தப்பா. அவர் சிரிக்கவில்லை. அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு அந்தியில எல்லாச் சாடியும் சேந்து பொங்கும். கூடக் கொஞ்ச நேரம் நின்னு அமுக்கணும்" என்று அம்மா எழுந்தாள். "ஏட்டி, என்ன அங்கனயே நிக்க? மேல்படியில செம்ப வச்சுட்டு வந்துட்டேன், எடுத்துட்டு வா."

அப்படிப் போனபோதுதான் பல்லியைப் பார்த்தேன். பார்த்ததும் எனக்கு நம் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு ஞாபகம் வந்தது. தூர் வாங்க வந்தவர் முதலில் ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினார். அது அணைந்ததும், "உள்ள விசக்காத்து நிக்குது, நான் எறங்க மாட்டேன்" என்று தலைப்பாகையைக் கட்டிக்கொண்டார். நாம் இரண்டு பேரும்தான் நின்று பார்த்தோம். கிணற்றுக்குப் பார்த்ததை நம் கிடங்குக்கு ஏன் யாரும் பார்க்கவில்லை அப்பா?

விளக்கு கொண்டுபோனால் புகை நாற்றம் ரசத்தில் ஏறிவிடும் என்பது நம் வீட்டு வழக்கம். கூரையில் ஒரு கண்ணாடி ஓடு, அந்த வெளிச்சம் போதும். தாத்தா காலத்திலிருந்து ஒருவரும் அதற்குள் விளக்கோடு இறங்கியதில்லை. நீங்களும் விளக்கில்லாமல்தான் இறங்கினீர்கள். உங்களுக்குத் தலை சுற்றியதா? யாரையாவது கூப்பிட்டீர்களா? நான் அப்போது கொடிப் பந்தலில்தான் இருந்தேன், எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே.

மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுப் படுத்தபிறகு அரிக்கேன் விளக்கைக் கொளுத்திக் கயிற்றில் கட்டி, மேல்படியில் நின்று மெதுவாக இறக்கினேன். பாதிப் படிவரைக்கும் சுடர் நன்றாக எரிந்தது. அதற்குக் கீழே சிறுத்தது, சிவந்தது, யாரோ விரலால் நசுக்கியதுபோல அணைந்தது. நான் விளக்கைச் சரியாக மேலே இழுத்தேனா, போட்டுவிட்டு ஓடினேனா என்றுகூடத் தெரியவில்லை. தொழுவத்தில் மாட்டின் பக்கத்தில் போய் நின்றபோதுதான் கயிறு இன்னும் கையில் இருப்பது தெரிந்தது.

முனியாக இருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். ஏனென்றால் நீங்கள் இத்தனை வருஷம் இறங்கி ஏறினீர்களே, அப்போதெல்லாம் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று யோசித்தேன். யோசித்திருக்கக் கூடாது. கிடங்கின் அடியில், தரையோடு தரையாக, வாய்க்கால் பக்கம் ஒரு சாளரம் இருந்ததே. கழுவுகிற தண்ணீர் அது வழியாகத்தான் வழிந்து போகும். ரசம் பொங்கும்போது கிளம்பித் தரையோடு தேங்குகிற அந்தக் காற்றும் அது வழியாகவே வழிந்து போயிருக்கும். பொங்குகிற ரசத்தை வழியில் போகிறவர்கள் குனிந்து பார்த்துக் கண் வைக்கிறார்கள் என்று போன வருஷம், நீங்கள் போவதற்குச் சில நாள் முன்னால்தான், அதைக் கல்லும் சுண்ணாம்பும் வைத்து அடைத்தது சித்தப்பா.

சித்தப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது? அண்ணன் அண்ணன் என்று உங்கள் பின்னாலேயே திரிந்தவர். சொல்லாமல் இருந்தால் அந்தியில் அம்மா இறங்குவாள்.

பந்தலில் அவர் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தார். போய் நின்றேன். "சித்தப்பா" என்றேன். அதற்குமேல் வரவில்லை.

"என்னம்மா? பழம் வேணுமா?" ஒரு கொத்தைப் பறித்து என் கையில் வைத்தார். "மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு? பயப்படாத. சாளரத்த நல்லா அடைச்சு வச்சிருக்கேன், ஒரு கண்ணும் படாது. இந்த வருசம் ரசம் நல்லா வரும். அண்ணன் இருந்தா..." என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் அந்தக் கொத்தை வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் என்று என்னைக் கேலி செய்வீர்கள். ஒருவர் முன்னால்கூட முடியவில்லை அப்பா.

வெயில் தாழ்ந்ததும் அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு துடுப்பை எடுத்தாள். கதவைத் திறந்ததும் உள்ளே சாடிகள் கொதிக்கிற சத்தம் கேட்டது. முதல் படியில் அவள் கால் வைக்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுட்டி. என்ன இது, சின்னப் புள்ள மாதிரி?"

வாசலில் கொளுத்தி வைத்திருந்த விளக்கின் கயிற்றை எடுத்தேன். ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் விளக்கை இறக்கினேன். அணைந்தது.

"எண்ணெ தீந்திருக்கும்" என்றாள்.

மேலே இழுத்து அவள் காதுக்குப் பக்கத்தில் ஆட்டிக் காட்டினேன். மண்ணெண்ணெய் களக்களக்கென்றது. திரும்பக் கொளுத்தி இறக்கினேன். அதே இடத்தில், அதே மாதிரி அணைந்தது. அம்மா கால் தானாகப் பின்னால் வந்தது.

சித்தப்பா எப்போது வாசல்வரை வந்தார் என்று தெரியாது. "விசக்காத்தா?" என்று மெல்லக் கேட்டார். "அப்படின்னா அண்ணன் இத்தன வருசம் எறங்கினானே?"

அவர் என்னைத்தான் பார்த்தார்.

"அப்ப சாளரம் தெறந்து இருந்துச்சு சித்தப்பா."

நான் சொன்னது அவ்வளவுதான். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அழவில்லை. தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா துடுப்பைச் சுவரில் சாத்திவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒங்க அண்ணனும் சரின்னுதான தம்பி சொன்னாக" என்றாள். "சுண்ணாம்பு கொழச்சுத் தந்தது நானுல்லா."

நீங்கள் சரி என்று சொன்னது எனக்குத் தெரியாது. நீங்கள் இருந்திருந்தால் இப்போது என்ன சொல்லியிருப்பீர்கள்? இன்று தோலை அமுக்காமல் விட்டால் ரசம் எல்லாம் புளித்துக் காடியாகிவிடும் என்று சொல்லியிருப்பீர்களோ? மூலைச் சாடியும் கெட்டுப்போகலாம். சாமியாருக்கு அம்மா கொடுத்த வாக்கும் போகலாம்.

கெட்டால் கெடட்டும் அப்பா. இனி இந்தக் கிடங்கில் விளக்குக்கு முன்னால் ஒருவரும் இறங்க மாட்டார்கள். அம்மாவும் சரி, சித்தப்பாவும் சரி, மாடத்தியும் சரி. வாசலில் நான் நிற்பேன். வாய் வராவிட்டால் குறுக்கே படுத்துக்கொள்வேன். இது உங்களுக்குத் தரும் வாக்கு.

சித்தப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "கடப்பாறை எங்க கெடக்கு?" என்று கேட்டார். அதை அவர் கையில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. நானே எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கத்துச் சாளரத்துக்குப் போனேன்.

உங்கள் மூத்த மகள்